மூச்சுப் பிடிப்பும் இயற்பியலும்

நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் ஏலம் நடைபெறும் நாளில் மூட்டை தூக்குவோரைப் பார்த்திருப்பீர்கள். குனிந்து, மூட்டையை நெஞ்சோடு அணைத்து, மூச்சை அடக்கி, ஒரே எத்தில் தூக்கிவிடுவர். அவர்களுள் யாரேனும் ஒருவர் என்றாவது ஒருநாள் நெஞ்சின் ஒரு பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதும் உண்டு. "மூச்சுப் பிடிப்புங்களா?" என்பார் ஒருவர். "வாய்வா இருக்குமுங்க, ஒரு சோடா குடிங்க" என்பார் மற்றொருவர். சுளுக்கு வழிப்பவரின் வீட்டுக்கு வழி சொல்வார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் நல்லெண்ணத்தால்தான். ஆனால் வலிக்கின்ற அந்த இடத்தில் என்ன இருக்கிறது, அது எவ்வாறு இயங்குகிறது என்பதை மூவருமே எண்ணிப் பார்ப்பதில்லை. அதை நாம் எண்ணிப் பார்ப்போம்.

நெஞ்சில் வலி உண்டாகப் பல காரணங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, விலா எலும்புகளை மார்பெலும்போடு இணைக்கும் குருத்தெலும்புப் பகுதியில் தோன்றும் வலி. இதனை மருத்துவர்கள் காஸ்டோகாண்ட்ரைட்டிஸ் என்கின்றனர். பெயர் நீளமாக இருந்தாலும் பிரித்துப் பார்த்தால் எளிதே. 'காஸ்டா' என்றால் இலத்தீனில் விலா. 'காண்ட்ரோஸ்' என்றால் கிரேக்கத்தில் குருத்தெலும்பு. 'ஐட்டிஸ்' என்ற ஈறு அழற்சியைக் குறிக்கும். இதற்கு நெருங்கிய உறவான மற்றொரு நோயில் வலியோடு வீக்கமும் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். அதனை 1921-ஆம் ஆண்டில் பிரெஸ்லாவ் நகரத்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் டீட்ஸே விவரித்தமையால் அது அவர் பெயரால் வழங்குகிறது. (அந்நகரம் அன்று ஜெர்மனியில் இருந்தது, இன்று விராட்ஸ்லாவ் என்ற பெயரில் போலந்தில் இருக்கிறது.) நாம் பேசப்போவது வீக்கமில்லாத வகையைப் பற்றி. அதுவே மிகுதியாகக் காணப்படுவது. சிறுவர் சிறுமியருக்கு வரும் நெஞ்சு வலிக்கும் இது அடிக்கடி காணும் காரணங்களுள் ஒன்று.

இதை எழுதும் நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். இவ்வலியோடு சில ஆண்டுகளாக வாழ்ந்துவருவதால், பாடப்புத்தகத்து நெம்புகோலும் மீட்சியும் அழுத்தமும் என் நெஞ்சுக்குள்ளேயே இருப்பதைக் கவனிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

கழுத்துக்குக் கீழே இரு காறை எலும்புகளுக்கும் நடுவிலுள்ள குழியில் விரலை வையுங்கள். அங்கிருந்து மார்பெலும்பின் மீது ஏறத்தாழ 5 செ.மீ. கீழே நகர்த்தினால் குறுக்கே ஒரு சிறு மேடு தட்டுப்படும். அம்மேட்டின் இரு புறமும் வந்து சேர்வது இரண்டாம் விலா. அங்கிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்கலாம். நமக்கு விலா எலும்புகள் 12 இணைகள். முதல் ஏழும் தத்தம் குருத்தெலும்பின் வழியாக நேரே மார்பெலும்பைச் சேர்கின்றன. அடுத்த மூன்றும் தமக்கு மேலுள்ள குருத்தெலும்பைப் பற்றிக்கொள்கின்றன. கடைசி இரண்டுக்கும் முன்புறப் பிடிப்பே இல்லை. நாம் பேசும் வலி பெரும்பாலும் இரண்டாம் விலாவிலிருந்து ஐந்தாம் விலா வரையுள்ள இணைப்புகளில் தோன்றுவது. பெரும்பாலும் ஒரே பக்கத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகளில் வலிக்கும்.

ஏன் இணைப்பில் மட்டும் வலிக்கிறது? வீட்டிலுள்ள இஸ்திரிப் பெட்டியின் கம்பி எந்த இடத்தில் அறுந்துபோகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? நடுவில் அறுவது அரிது. பெட்டிக்குள் நுழையும் இடத்தில், அல்லது பிளக்கிலிருந்து வெளிவரும் இடத்தில்தான் அறும். விறைப்பான பொருளும் வளையும் பொருளும் சேரும் எல்லையில்தான் வளைவு முழுவதும் குவிகிறது. தகைவும் அங்கேதான் மிகுகிறது. கிணற்று மோட்டாரில் மாட்டிய ரப்பர் குழாய் வெடிப்பதும் அதே காரணத்தால் கிளிப் போட்ட இடத்தில்தான். விலா எலும்பு விறைப்பானது. குருத்தெலும்போ அதைவிடப் பல நூறு மடங்கு எளிதில் வளைந்து கொடுக்கக்கூடியது. இரண்டும் சேரும் எல்லையும், குருத்தெலும்பு மார்பெலும்பைச் சேரும் எல்லையும் நம் உடலின் 'பிளக்'குகள்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். குருத்தெலும்புக்குள் நரம்பு கிடையாது. ஆகவே வலியை உணர்வது அதன் மேலுறையும் மூட்டைச் சூழ்ந்த திசுக்களுமே.

அடிபம்பும் வாளியும்

மூச்சை உள்ளிழுக்கும்போது மார்புக்கூடு இரண்டு விதமாக அசைகிறது. மேல் விலாக்கள் தெருமுனை அடிபம்பின் கைப்பிடியைப் போன்றவை. பின்புறத்தில் முதுகெலும்போடு சேரும் இடமே சுழல்முனை. முன்முனை மேலே எழும்பும்போது மார்பெலும்பும் உடன் எழும்பி முன்னே தள்ளப்படுகிறது. கீழ் விலாக்களோ வாளியின் கைப்பிடியைப் போன்றவை. வாளியின் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும் பிடியைத் தூக்கினால் அது வெளிப்புறமாக வளைந்து உயர்கிறது அல்லவா? அதுபோலக் கீழ் விலாக்கள் பக்கவாட்டில் விரிகின்றன. இரண்டு அசைவுகளும் நிகழ வேண்டுமானால் முன்புறத்திலுள்ள குருத்தெலும்பு ஒவ்வொரு முறையும் சற்று முறுக்கிக்கொள்ள வேண்டும். மூச்சை வெளிவிடும்போது அந்த முறுக்கு தானே அவிழ்ந்து கூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர உதவுகிறது. நம் குருத்தெலும்பு ஒரு சுருள்வில்லின் வேலையைச் செய்கிறது என்று கூறினால் மிகையாகாது.

இந்த வில் எத்தனை முறை முறுக்கப்படுகிறது? நிமிடத்துக்கு 15 மூச்சு எனக் கொள்வோம். ஒரு மணிக்கு 900. ஒரு நாளைக்கு 21,600. சித்தர் மரபில் நாளொன்றுக்குச் சொல்லப்படும் மூச்சுக் கணக்கும் இதே 21,600 தான் என்பதை உங்கள் தாத்தா பாட்டி கூறக் கேட்டிருப்பீர்கள்.

காலில் சுளுக்கு ஏற்பட்டால் காலை நீட்டி உட்காரலாம். கை முறிந்தால் மாவுக்கட்டுப் போடலாம். ஆனால் நாளொன்றுக்கு இருபதாயிரம் முறைக்கு மேல் அசைந்தே தீர வேண்டிய இந்த மூட்டுக்கு விடுமுறை விட வழியே இல்லை. உறங்கும்போதும் அது வேலை செய்கிறது. இவ்வலி வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீடிப்பதற்கு முக்கியமான காரணம் இதுவென்றே எனக்குத் தோன்றுகிறது.

அசைவுகளின் எண்ணிக்கையோடு விசையின் அளவையும் பார்க்க வேண்டும். அமைதியாக மூச்சு விடும்போது நுரையீரலைச் சூழ்ந்த இடைவெளியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் 8 செ.மீ. நீர்மட்ட அளவே குறைகிறது. அதாவது சதுர செ.மீ. ஒன்றுக்கு 8 கிராம் எடை. உள்ளங்கை அளவான 100 சதுர செ.மீ. பரப்பின் மீது 800 கிராம். இது ஒரு பொருட்டல்ல. ஆனால் பலமாக இருமும்போது மார்புக்குள் அழுத்தம் 300 மில்லிமீட்டர் பாதரசம் வரையில்கூட உயரக்கூடும். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தி மிக்கது. ஆகவே இது ஏறத்தாழ 400 செ.மீ. நீர்மட்டத்துக்குச் சமம். அதே உள்ளங்கைப் பரப்பின் மீது 40 கிலோகிராம் எடை! அமைதியான மூச்சைப்போல் 50 மடங்கு. அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில். சளி பிடித்து ஒரு வாரம் இருமியவர்களுக்கு, இருமல் நின்ற பிறகு நெஞ்சில் இவ்வலி தொடங்குவது ஏன் என்பது இப்போது விளங்கும். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் அவர்கள் தம் ஊர்ப் பெயரைச் சேர்த்து உலகறியச் செய்த நாதஸ்வரத்தை ஊதுவதற்கும் மார்புச் சுவர் இவ்வாறு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். ஆனால் அங்கே அழுத்தம் படிப்படியாக ஏறுகிறது, பயிற்சியும் இருக்கிறது. திடீரென்று அறையும் இருமல் வேறு.

இனி, கை. நெஞ்சின் மேல் அகன்று பரந்திருக்கும் பெரிய மார்புத் தசை, மார்பெலும்பிலிருந்தும் மேல் ஆறு விலாக்களின் குருத்தெலும்புகளிலிருந்தும் புறப்பட்டு மேற்கை எலும்பைப் பற்றுகிறது. கையை நீட்டி, திறந்து கிடக்கும் ஓர் இரும்புக் கேட்டைப் பக்கவாட்டிலிருந்து உள்நோக்கி இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்டின் எதிர்ப்பு 5 கிலோகிராம் எடை; அது தோள்மூட்டிலிருந்து 60 செ.மீ. தொலைவில் செயல்படுகிறது. தசையோ மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவில்தான் இழுக்கிறது. திருப்புத்திறன்களைச் சமப்படுத்தினால் 5 × 60 = தசைவிசை × 5. தசைவிசை 60 கிலோகிராம் எடை என்று வருகிறது. இதன் முழுப் பளுவும் குருத்தெலும்பின் மேல் விழுவதில்லை. மார்பெலும்பும் காறை எலும்பும் தம் பங்கை ஏற்கின்றன. ஆயினும் 5 கிலோ வேலைக்கு 60 கிலோ இழுப்பு என்ற கணக்கு நினைவில் நிற்கட்டும்.

மூட்டை தூக்கியவரிடம் இப்போது திரும்பி வரலாம். மூட்டையை உடலோடு ஒட்டிப் பிடிப்பது முதுகெலும்புக்கு நல்லதே, திருப்புத்திறன் குறைகிறது. ஆனால் இரு கைகளாலும் இறுக்கி அணைக்கும்போது மார்புத் தசை முழு விசையோடு குருத்தெலும்பை இழுக்கிறது. அதே நொடியில் மூச்சை அடக்குவதால் உள்ளேயிருந்து அழுத்தமும் தள்ளுகிறது. வெளியே இழுப்பு, உள்ளே தள்ளல், இரண்டும் ஒரே இடத்தில். பற்றிக்கொண்ட மூட்டையைத் தூக்கும்போது மூச்சை மெல்ல வெளிவிட்டுக்கொண்டே தூக்கினால் உள்ளழுத்தமாவது குறையும்.

என் தொழிலில் மூட்டை இல்லை, கரும்பலகை உண்டு. பலகையின் மேல் விளிம்பில் கையை உயர்த்திச் சமன்பாடு எழுதுவது எனக்கு மிகவும் வலி தருவது. ஆகவே என் மாணவர்கள் பலகையின் கீழ்ப்பாதியை மட்டுமே பார்த்துப் பழகிவிட்டனர். கடைசி வரிசை மாணவர்கள் எழுந்து நின்று எட்டிப் பார்க்கிறார்கள்.

உருண்டை மஞ்சளும் ஆறாத வலியும்

குருத்தெலும்பு ஆறுவதற்கு நாளாவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதை விளக்க நம் ஊர்ப் பக்கத்து மஞ்சளே போதும். மஞ்சள் வேகவைக்கும்போது விரலியையும் உருண்டையையும் ஒன்றாகப் போடாமல் தனித்தனியே வேகவைப்பது வழக்கம். ஏனெனில் தடித்த உருண்டையின் உட்பகுதிக்கு வெப்பம் போய்ச்சேர நேரமாகும். எவ்வளவு நேரம்? தடிமன் இருமடங்கானால் நேரம் இருமடங்கன்று. ஏறத்தாழ நான்கு மடங்கு. மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. ஊடுருவிப் பரவும் எதற்கும் நேரம் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்றவாறு கூடும். வெப்பத்துக்கும் இது பொருந்தும்; திரவத்தில் விரவிச் செல்லும் மூலக்கூறுகளுக்கும் பொருந்தும்.

தசையில் தந்துகிகள் நெருக்கமாக ஓடுகின்றன. எந்த உயிரணுவும் இரத்தத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தொலைவுக்கு மேல் இருப்பதில்லை எனக் கொள்ளலாம். அத்தொலைவைக் கடக்கக் குளுக்கோஸ் போன்ற சிறு மூலக்கூறுக்கு ஏறத்தாழ 10 விநாடி போதும். குருத்தெலும்புக்குள்ளோ இரத்தக் குழாய்கள் அநேகமாக இல்லை. உள்ளிருக்கும் உயிரணுக்கள் மேலுறையிலிருந்து விரவி வரும் உணவை நம்பியே வாழ்கின்றன. மேலுறையிலிருந்து 3 மி.மீ. உள்ளே இருக்கும் உயிரணுவுக்குத் தொலைவு 30 மடங்கு; நேரம் 900 மடங்கு. 10 விநாடி 9,000 விநாடி ஆகிறது, அதாவது இரண்டரை மணி நேரம். சாப்பாடு இவ்வளவு தாமதமாக வரும் இடத்தில் பழுதுபார்க்கும் வேலையும் மெதுவாகத்தான் நடக்கும்.

"நம் ஊர் மஞ்சளையே அரைத்துப் பற்றுப் போட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் பொருள் அழற்சியைத் தணிக்கவல்லது எனச் சோதனைச்சாலை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அது உடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. தோலின் மேல் தடவியதோ தோலையும் கொழுப்பையும் தசையையும் கடந்து குருத்தெலும்பை அடைய வேண்டும். வர்க்க விதி இங்கும் குறுக்கே நிற்கும். சூடான பற்று இதமாக இருப்பதற்குச் சூடே முதற் காரணம் என்று நான் கருதுகிறேன். வெந்நீர் ஒத்தடமும் அதே இதத்தைத் தரும். அழுத்தி நீவிச் சுளுக்கு வழிப்பது மட்டும் வேண்டாம். வலிக்கிற பிளக்கைப் பிடித்து ஆட்டுவதற்கு அது சமம்.

எக்ஸ்ரே எடுத்தால் தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. எக்ஸ் கதிர்களை நன்றாக உறிஞ்சுவது அணு எண் மிகுந்த தனிமங்கள். எலும்பிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20. குருத்தெலும்பில் மிகுந்திருப்பவை ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன். இவற்றின் அணு எண்கள் 1, 6, 8. கதிர்கள் அதனூடே எளிதில் போய்விடுகின்றன. எனவே படத்தில் விலா எலும்புகள் மார்பெலும்பை எட்டாமல் வெற்றிடத்தில் முடிவன போலக் காட்சியளிக்கும். இதைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று கூறும்போது படத்தில் ஒன்றுமில்லை என்பதே பொருள். வலி இல்லை என்பது பொருளன்று. வீட்டில் யாரேனும் இவ்வலியைக் கூறி, படமும் சரியாக இருந்துவிட்டால், அவர் வேலைக்குப் பயந்து நடிக்கிறார் என்று பேசுவதை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். அது அறியாமையால் விளையும் கொடுமை.

நெஞ்சா, நெஞ்சின் சுவரா?

மருத்துவர் விரலால் இணைப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். அழுத்திய இடத்தில் அதே வலி எழுந்தால் அது ஒரு முக்கியமான குறிப்பு. ஆனால் வீட்டில் நாமே அழுத்திப் பார்த்து, "இது சுவர் வலிதான், இதயமில்லை" என்று முடிவு கட்டுவது மிகவும் ஆபத்தானது. மாரடைப்பு வந்தவர்களிலும் சிலருக்கு அழுத்தினால் வலிக்கும்.

ஏன் இந்தக் குழப்பம்? ஒரே அழைப்பு மணிக்கு இரண்டு பொத்தான்கள் பொருத்தியிருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வாசலில், மற்றொன்று கொல்லையில். மணி அடித்தால் எந்தப் பக்கம் ஆள் நிற்கிறார் என்று ஓசையைக் கொண்டு சொல்ல முடியாது. இதயத்திலிருந்து வரும் வலி நரம்புகளும், மார்புச் சுவர், இடக்கையின் உட்புறம் ஆகியவற்றிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறத்தாழ ஒரே படிகளில் வந்து சேர்கின்றன. மூளைக்கு மணி கேட்கிறது. எந்தப் பொத்தான் என்பது தெளிவாகத் தெரிவதில்லை. இதயத்தில் இரத்த ஓட்டம் தடைப்படும்போது கையிலும் தாடையிலும் வலிப்பது இதனால்தான்.

ஆகவே பெரியவர்களுக்கு நெஞ்சில் இறுக்கமோ வலியோ தோன்றி, அதனுடன் வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம், வாந்தி, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி இவற்றுள் எது இருந்தாலும் சோடாவும் வேண்டாம், சுக்குக் கஷாயமும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். 'வாய்வு' என்ற சொல்லால் நம் பக்கத்தில் இழந்த உயிர்கள் பல. தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கொடுக்கப்படுகின்றன. அவற்றைக் கொடுத்து உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவர். ஆகவே தொலைவைக் கருதித் தயங்க வேண்டியதில்லை. உங்கள் வயதினருக்கு இதய வலி அரிது. ஆயினும் ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ, காய்ச்சலோடு வலித்தாலோ மறைக்காமல் வீட்டில் கூறுங்கள்.

இதயத்தில் குறையில்லை, சுவரில்தான் வலி என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, அன்றாட வாழ்க்கையைக் கணக்குப் போட்டு நடத்துவதே எஞ்சியிருக்கும் வேலை. இருமலோ தும்மலோ வரும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால், உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்துக்கு வெளியிலிருந்து ஓர் எதிர்விசை கிடைக்கிறது. புத்தகப் பையை ஒரு தோளில் தொங்கவிடாமல் இரு தோள்களிலும் மாட்டலாம். தண்ணீர்க் குடத்தை இரண்டு சிறு குடங்களாகப் பிரித்து எடுக்கலாம். மூச்சை வயிற்றால் இழுக்கப் பழகினால் உதரவிதானம் கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ளும். விலாக்களின் அசைவு குறையும். ஆனால் வலிக்குப் பயந்து நாள் முழுவதும் மேலோட்டமாகவே மூச்சு விடுவது தவறு. நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் போய்விடும்; மூட்டும் இறுகிவிடும். வலி மாத்திரை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டுமே. கடையில் கேட்டு வாங்கி வெறும் வயிற்றில் விழுங்கினால் நெஞ்சு வலியோடு வயிற்றுப் புண்ணும் சேரும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் வலி தணிந்துவிடுகிறது. என்னைப் போன்ற சிலருக்கு அது போய்ப் போய் வருகிறது. வரும்போது அது இன்னதென்று தெரிந்திருப்பதால் முதல் முறை இருந்த அச்சம் இப்போது இல்லை. அச்சம் குறைந்தால் தசைகளின் இறுக்கமும் குறைகிறது.

வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை: தையல்காரரின் அளவு நாடாவை அக்குளுக்குச் சற்றுக் கீழே மார்பைச் சுற்றிப் பிடியுங்கள். மூச்சை முழுவதும் வெளிவிட்டு ஒரு முறையும், முழுவதும் இழுத்து ஒரு முறையும் அளந்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 5 செ.மீ. அளவில் இருக்கலாம். பிறகு உங்கள் தாத்தா பாட்டிக்கும் அளந்து பாருங்கள். அவர்களுக்கு நெஞ்சு வலி இருந்தால் வேண்டாம். பெரும்பாலும் அவர்களுடைய வித்தியாசம் குறைவாக இருக்கும். வயதாக ஆகக் குருத்தெலும்பில் கால்சியம் படிந்து அது இறுகுவது இதற்கு ஒரு காரணம். இளமையில் எக்ஸ்ரே படத்தில் வெற்றிடமாக இருந்த அதே இடம், முதியோர் பலரின் படத்தில் வெண்மையான திட்டுகளாகத் தெரிவதும் அந்தக் கால்சியத்தால்தான்.